காஜாக்காவின் வலது கண்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகன் போனில் முகம் காட்டுவான். காஜாக்கா போனை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்து, உற்றுப் பார்க்கிறவள் மாதிரி புருவத்தைச் சுருக்கி, "இளைச்சுட்டேடா" என்பாள். வாரம் தவறாமல் இதே வசனம். அவன் அந்தப் பக்கம் சிரிப்பான். சிரிக்கிறான் என்பது சத்தத்தில் தெரியும். மற்றபடி அந்தக் கண்ணாடிச் சதுரத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், பாலுக்குப் பின்னால் விளக்கு வைத்த மாதிரி ஒரு வெளிச்சம்தான்.

எந்தத் தாய்க்குப் பிள்ளை இளைக்காமல் இருந்திருக்கிறான், சொல்லுங்கள். பார்க்காமலே சொல்லலாம், தப்பே வராது. அந்தத் தைரியத்தில்தான் அவள் நாலு வருடம் வண்டியை ஓட்டினாள்.

தெருவில் யாரும் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தையல்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள், அதனால் காஜாக்கா. சட்டையில் பொத்தான் நுழைகிற துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நெருக்கமாகக் கையால் தைக்கிற வேலை. முப்பது வருடம் அதைத்தான் செய்தாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோது விளக்கு மங்கல் என்றாள், பிறகு நூல் மட்டம் என்றாள். ஒரு நாள் ஒரு வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூலில் ஆறு காஜா எடுத்துக் கொண்டுபோய் வைத்தாள். டெய்லர் திட்டவில்லை. "போய் ரெஸ்ட் எடும்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை பதிலுக்குத் திட்டி மனசை ஆற்றியிருப்பாள். அதற்குப் பிறகு பொத்தான் தைக்கிற வேலை மட்டும். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். நூல் கோத்து, நிறம் சொல்லிக் கொடுக்க எதிர்வீட்டுக்காரி இருந்தாள்.

எதிர்வீட்டுக்காரிக்குப் பட்டப்பெயர் ரேடியோ. காலையில் கண் விழித்ததும் ஒலிபரப்பை ஆரம்பித்தால் படுக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவள் வாயில் இருக்கும். காஜாக்காவுக்குக் கடைசி நாலு வருடம் ஊர் உலகம் தெரிந்ததெல்லாம் அவள் புண்ணியத்தில்தான்.

மகனிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ரேடியோவும் கேட்டாள். சொன்னால் அடுத்த விமானத்தைப் பிடித்து ஓடிவந்துவிடுவான், அதுதான் பயம். அவன் வேலை பார்த்த நாட்டில் முதல் எட்டு வருடம் அவனுக்கு அங்கே தங்கச் சரியான தாள் கிடையாது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஒரு குளிர்கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடந்தான். அப்புறம் தாளுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த மூணு வருடமும் நகரக் கூடாது. இருபத்தைந்து வயதில் போனவன். முகம் காட்டுகிற போன் கைக்கு வருவதற்குள் அவள் கண் போய்விட்டது, அதனால் அவள் மனசில் இருந்ததும் அந்த இருபத்தைந்து வயதுதான்: மெலிந்த மீசை, நெற்றியில் விழுகிற கறுப்புச் சுருள் முடி, பஸ் படியில் நின்று கையாட்டினபோது வெயிலுக்குச் சுருங்கின முகம். அந்த முகத்தை அவள் ராத்திரிக்கு ராத்திரி எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்வாள். நாளாக நாளாக ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்து வருகிறதோ என்று ஒரு பயம் வேறு. இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டே, அது இடதா, வலதா என்று ஒரு நாள் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணை அறுத்துச் சரிசெய்யத் தெரிந்த டாக்டர்கள் அவள் நாட்டில் மொத்தமே இருபதோ என்னவோ, அத்தனை பேரும் தலைநகரத்தில். தலைநகரம் ஒன்றரை நாள் பஸ். கண் தெரியாதவள் தனியாக ஒன்றரை நாள் பஸ்ஸில் போவதாம், அங்கே தெரியாத வராண்டாவில் வரிசையில் நிற்பதாம். நடக்கிற காரியமா? அதனால் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை பத்து நாள் அவர்களே வந்தார்கள். ஒரு வேன், ஒரு டாக்டரம்மா, நாலு நர்ஸ், கம்பளியில் பிள்ளை மாதிரி சுற்றி எடுத்துவந்த ஒரு மைக்ரோஸ்கோப். முனிசிபல் ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்த ஆபரேஷன் அறையைக் கழுவி, இரண்டு மேஜை போடுவார்கள். ஒரு மேஜையில் ஒரு கண் முடிகிறபோது அடுத்த மேஜையில் அடுத்த ஆள் தயாராகப் படுத்திருப்பார். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் திரும்புவார், அந்தப் பக்கம் திரும்புவார். ஒரு நாளைக்கு நாற்பது கண். ஆளுக்கு ஒரு கண்தான், மற்றது அடுத்த வருடம். இரண்டும் செய்யப் போனால் பாதி ஊர் இருட்டிலேயே நிற்குமே.

இரண்டு மாதம் முன்னால் நர்ஸ் ஒருத்தி முன்கூட்டியே வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். "ரெண்டுமே பழுத்துப் போச்சும்மா. எது வேணும், வலதா இடதா?" என்றாள்.

"ஊசியில நூல் கோக்க ஒத்தக் கண்ணுதானே வேணும். வலதே குடும்மா" என்றாள் காஜாக்கா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

டோக்கன் எண் இருநூற்று நாற்பத்தொன்று. அதை வாங்கிக்கொண்டு வந்த வாரம்தான் மகன் போனில் சொன்னான்: தாள் சரியாகிவிட்டது, லீவு கிடைத்துவிட்டது, பன்னிரண்டு நாள், வருகிறேன். நாள் கணக்குப் பார்த்தால் அவன் வருவதற்கு அஞ்சு நாள் முன்னால் அவளுக்கு ஆபரேஷன். அடடா, யாரோ உட்கார்ந்து அவளுக்காகவே பஞ்சாங்கம் போட்ட மாதிரி இருந்தது. புதுக் கண்ணோடு வாசலில் நிற்பாள், பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்ப்பாள், கண் போன கதையே அவனுக்குத் தெரியவேண்டாம். ரேடியோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் பெட்டிகள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. ஏதோ ஒரு முத்திரை இல்லையாம். முத்திரை குத்த வேண்டியவர் லீவாம். கேம்ப் தள்ளிப்போயிற்று. இப்போது கணக்குப் பார்த்தால் மகன் வந்து எட்டாம் நாள்தான் அவள் முறை. அந்த முத்திரை ஆபீசரைக் காஜாக்கா திட்டின திட்டை இங்கே எழுத முடியாது.

ஆக, செவ்வாய்க்கிழமை அவன் வந்து இறங்கினபோது அவளுக்குக் கண் இல்லை, நடிப்புதான் இருந்தது. "நீலச் சட்டை, நேரா வரான், பத்தடி, அஞ்சடி" என்று ரேடியோ காதோரம் ஒலிபரப்பினாள். காஜாக்கா கையை விரித்து, "இளைச்சுட்டியேடா" என்றாள்.

"எண்பத்தெட்டு கிலோம்மா நான்" என்றான் அவன்.

"பெத்தவ கண்ணுக்கு அப்படித்தான்டா தெரியும்." சமாளித்துவிட்டாள்.

இரண்டு நாள் சமாளித்தாள். சொந்த வீடு, அடுப்பு எங்கே, தண்ணிக் குடம் எங்கே என்று காலுக்குத் தெரியும். அவன் குரல் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்றாம் நாள் காலை அவன் குளிக்கப் போனான். போகும்போது சட்டையையும் தொப்பியையும் அறைக் கதவின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அவளுக்கு இன்னும் வெளிச்சமும் நிழலும் தெரியும். கதவில் ஒரு ஆள் உயர நிழல் தெரிந்தது. பிள்ளை வந்து நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏன்டா நிக்கறே, உக்காரு. சூடா ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள். பதில் இல்லை. "என்ன கோவம் உனக்கு? அங்க யாராவது உன்னைய ஏதாவது சொல்லிட்டாங்களா? அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?" அதற்கும் பதில் இல்லை. கரண்டியும் கையுமாக அந்தச் சட்டையோடு அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு மகன் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா" என்றான். குரல் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "எத்தனை வருஷமா?" என்றான். சொன்னாள். "ஒவ்வொரு வாரமும் பாத்து இளைச்சுட்டேன்னு சொன்னியே."

"அது பாக்காமலே சொல்லலாம்டா."

அவன் குனிந்து அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். இத்தனை நாள் முகத்தைத் தடவினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தொடாமலே இருந்தவள், இப்போது விரலால் தேடினாள். கன்னம் சதை போட்டிருந்தது. மீசை தடித்திருந்தது. தழும்பு இடது புருவத்தில்தான், இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. தலைமுடி அடர்த்தியாக, சுருளாக, கைக்கு அடங்காமல். "முடி அப்படியே இருக்கேடா" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டாள். ரேடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஊர் விஷயத்தையெல்லாம் ஒலிபரப்புகிறவள் அப்போது ஒன்றும் பேசவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், புதன்கிழமை கட்டு அவிழ்ப்பாங்க. அப்புறம் மூணு நாள் முழுசா உன்னையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்" என்றாள் காஜாக்கா. மூன்று நாள். பதினோரு வருடத்துக்கு மூன்று நாள் போதாதுதான், ஆனால் அவளுக்கு அதுவே மலை மாதிரி தெரிந்தது.

இங்கேதான் அந்தப் பைத்தியக்காரி ஒரு காரியம் செய்தாள். கண்ணைப் பற்றிச் சொன்னவள், சர்க்கரையைப் பற்றிச் சொல்லவில்லை. நாலு வருடமாக அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை பொத்தான் டப்பாவில் கிடக்கும். கண்ணுக்கே இந்த அழுகை அழுகிறவன் சர்க்கரை என்றால் என்ன ஆவானோ, அவன் ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். டப்பா இருந்த அறையில்தான் அவன் படுத்திருந்தான். மாத்திரையை எடுத்தால் கேட்பான். அதனால் மாத்திரையும் நின்றுபோயிற்று.

அவனோ, அம்மாவுக்கு இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில் இருந்தான். பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்திருந்தான். தாளைப் பிரித்து, "வாயைத் திற" என்று ஊட்டினான். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, படுக்கப் போகும்போது இரண்டு. பிள்ளை கையால் ஊட்டுகிறான், எந்த வாய் வேண்டாம் என்று மூடும்? உள்ளே கொட்டை வைத்தது, பால் வைத்தது என்று அவன் ஒவ்வொன்றுக்கும் கதை சொல்ல, இவள் வாயில் கரையக் கரையக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அத்தனை இனிப்பான அஞ்சு நாள் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்கள். எந்தக் கண் என்று குழப்பம் வராமலிருக்க, வலது புருவத்துக்கு மேலே ஒரு வட்டத் தாளை ஒட்டினார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள் நர்ஸ். ஒரு நிமிடம் கழித்து, "முந்நூத்தி முப்பத்தெட்டு" என்றாள்.

"என்னது அது?" என்றான் மகன்.

"உங்கம்மாவோட சர்க்கரை. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

"என்ன மாத்திரை?"

காஜாக்கா முந்தானை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். மகன் அந்த முந்தானையை அவள் விரலிலிருந்து எடுத்துவிட்டான். அப்புறம் மெதுவாக, "இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கே? இப்பவே சொல்லிடும்மா, ஒட்டுமொத்தமா அழுதுடறேன்" என்றான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். வயசு அதிகமில்லாத குரல். மகன் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினான்: பதினோரு வருடம், சனிக்கிழமை ஆறு மணி பஸ், அதை விட்டால் விமானம் போய்விடும், குறித்த தேதிக்குள் போய் நிற்காவிட்டால் தாள் ரத்து, மறுபடி அந்த ஊர்க் கதவு திறக்காது. டாக்டரம்மா முழுக்கக் கேட்டார்.

"இந்தச் சர்க்கரையோட நான் கண்ணைத் திறந்தா சீழ் வைக்கும். அப்புறம் அடுத்த வருஷம் வந்தாகூட அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. என் கையால அதைச் செய்ய மாட்டேன்மா" என்றார். "வெள்ளிக்கிழமை கேம்ப்போட கடைசி நாள். தினம் வந்து ஊசி போட்டுக்கோங்க. குறைஞ்சிருந்தா முதல் ஆளா எடுத்துக்கறேன். கட்டு சனிக்கிழமை காலைல ஏழரைக்குத்தான் அவிழ்ப்போம்."

ஏழரை. பஸ் ஆறு. காஜாக்காவுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் உடனே கணக்கில் வந்துவிட்டது. தையல்காரிக்கு அளவு பிசகாது. டாக்டரம்மா மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழி இல்லை. நியாயம் முழுக்க அந்தப் பக்கம் இருந்தது. அவள் தன்னையேதான் நொந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஒரே ஒரு வார்த்தை.

அந்த மூன்று நாளும் மகன் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். காலையில் பஸ் நிலையம் வரை, சாயங்காலம் தண்ணித் தொட்டி வரை. நடந்தால் சர்க்கரை இறங்குமாம். மீதி சாக்லேட்டை ரேடியோவிடம் கொடுத்துவிட்டான். அவள் ஒரே மூச்சில் தின்று தீர்த்தாள் என்பது வேறு கதை. நடக்கும்போது அவன் குளிர்கிடங்கைப் பற்றிச் சொன்னான், மூச்சு விட்டால் புகையாக வருமாம், கையுறைக்குள் விரல் மரத்துப்போகுமாம். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பகலெல்லாம் பக்கத்தில் அவன் தோள் இடிக்கிறது, வியர்வை வாசனை வருகிறது, குரல் காதுக்குள் இருக்கிறது. இருந்தும் ஏங்கினாள். பதினோரு வருடம் அவன் தூரத்தில் இருந்தபோதுகூட இப்படி ஏங்கவில்லை. ஒரு துணித் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளையை நிறுத்திவைத்து, பார்க்காதே என்று யாரோ தண்டனை கொடுத்த மாதிரி இருந்தது.

"டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்மா. இங்கயே ஏதாவது பாத்துக்கலாம்" என்றான் வியாழக்கிழமை.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அதை மறைத்துப் பேச என்ன இருக்கிறது. சரி என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் அவன் எட்டு வருடம் ஒளிந்து கிடந்ததை நினைத்தாள். "இங்க என்ன பாப்பே? எனக்கு நூல் கோத்துக் குடுப்பியா? பேசாம நட" என்றாள்.

வெள்ளிக்கிழமை சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு. நர்ஸ் கை தட்டினாள். மேஜையில் படுக்கவைத்து முகத்தை மூடி, வலது கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். "அசையாதீங்க" என்றார் டாக்டரம்மா. வெளிச்சம், தண்ணீர், ஒரு அழுத்தம். எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. முக்காலி கிறீச்சென்று அந்தப் பக்கம் திரும்பிற்று. அடுத்த மேஜையில் யாரோ இருமினார்கள். காஜாக்காவின் கண்ணில் பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, வார்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள்.

சனிக்கிழமை விடிகிற நேரம், அஞ்சேகாலுக்கு மகன் பெட்டியோடு வந்தான். மற்ற கட்டிலில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அவனைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் வெளியே போனாள்.

"ஜன்னல் பக்கம் நில்லுடா" என்றாள் காஜாக்கா. நின்றான். செய்யாத இடது கண்ணில் ஒரு பெரிய நிழல் தெரிந்தது. சட்டையை மாட்டினாலும் அப்படித்தான் தெரியும். "சரி, போதும், இங்க வா."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் கை தன்னால் மேலே போயிற்று. நாள் முழுக்கத் தையல் பிரித்துப் பழகின விரல், பிளாஸ்திரியின் ஓரம் எங்கே தூக்கிக்கொண்டிருக்கிறது என்று நொடியில் கண்டுபிடித்துவிட்டது. நகத்தை உள்ளே விட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"ஒரே ஒரு தடவைடா. பாத்துட்டு அப்படியே ஒட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கெட்டியாகத்தான் பிடித்தான். அவள் இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. பெட்டி தூக்கின கை அல்லவா.

"வேண்டாம்மா. ஒரு நிமிஷத்துக்காக அந்தக் கண்ணைக் கெடுத்துக்காதே. அது எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"அடுத்த தடவை வரும்போது நான் இறங்கறதை நீ பாக்க வேண்டாமா? நீலச் சட்டை, பத்தடின்னு எதிர்வீட்டு அக்கா சொல்லி நீ கைய விரிக்கணுமா?"

அடுத்த தடவை எப்போது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. அவள் கையைத் தளர்த்தினாள். அவன் பிளாஸ்திரியின் ஓரத்தைத் தன் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினான். "போயிட்டு வரேன்மா" என்றான். "சாப்பிடுடா நேரத்துக்கு" என்றாள் அவள். பெட்டியின் சக்கரம் வராண்டாவில் கடகடவென்று போயிற்று. படியில் இரண்டு தட்டு. அதற்கப்புறம் தெருச் சத்தம். பஸ் நிலையம் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. ஆறு மணிக்கு ஹாரன் கேட்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டு ஈரமானால் திட்டுவார்கள் என்று அழாமல் இருந்தாள்.

ஏழரைக்கு டாக்டரம்மா வந்து கட்டை அவிழ்த்தார். பஞ்சை நனைத்துத் துடைத்தார். "மெதுவாத் திறங்க. எத்தனை விரல்?"

"மூணு" என்றாள் காஜாக்கா. "நகம் வெட்டணும் நீங்க."

நர்ஸ் சிரித்தாள். காஜாக்கா அவள் பக்கம் திரும்பி, "உன் கோட்டுல ரெண்டாவது பட்டன் ஒரு நூல்ல தொங்குது. இன்னைக்கே விழுந்துடும், கழட்டிக் குடு" என்றாள். வெள்ளைக் கோட்டுக்கு யாரோ பழுப்பு நூலில் தைத்திருந்தார்கள். அதைக்கூடப் பார்க்க முடிந்தது. போர்வையின் நூலோட்டம், சுவரில் காரை பெயர்ந்த இடம், ஜன்னல் கம்பியில் ஒரு எறும்பு, எல்லாம் துலக்கமாக இருந்தது. அப்புறம் மடியில் ஒரு கிழவியின் கை கிடந்தது. நரம்பும் சுருக்கமுமாக. யாருடையது என்று ஒரு நொடி பார்த்தாள். விரலை அசைத்துப் பார்த்தபோது அதுவும் அசைந்தது.

ரேடியோ ஓடிவந்தாள். "அக்கா, நான் தெரியறேனா?"

"தெரியறே. நீ இப்படியாடி கிழண்டு போயிருக்கே? குரல் மட்டும் குமரி மாதிரி வச்சிருக்கே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கண் ரேடியோவின் தோளுக்குப் பின்னால் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. எல்லாம் தெரிந்தது. அவன் நின்ற ஜன்னல் தெரிந்தது, உட்கார்ந்த கட்டில் ஓரத்தில் போர்வை இன்னும் கசங்கியிருந்தது தெரிந்தது.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. ரேடியோ அதை அமுக்கி அவள் கையில் கொடுத்தாள். ஏதோ ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றிருக்கிறது. அவன் வெயிலில் இறங்கி நின்றான். முகம் அந்தச் சதுரம் முழுக்க நிறைந்திருந்தது. காஜாக்கா போனை எப்போதும் போல ஒரு கை தூரத்தில் பிடித்து, பிறகு பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அம்மா, கட்டு அவிழ்த்தாச்சா? தெரியுதா?"

அவள் அந்த முகத்தை மேலிருந்து அளந்துகொண்டு வந்தாள். புருவத் தழும்பு இடதுதான். கன்னத்துச் சதை கைக்குத் தெரிந்ததுதான். கண்ணுக்குக் கீழே இரண்டு பை, அது கைக்குத் தெரியாதது. வாயோரம் ஒரு கோடு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா? இளைச்சுட்டேன்னு சொல்லு, கேப்போம்" என்று அவன் சிரித்தான்.

"அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். திரும்பினான். "இந்தப் பக்கம்." திரும்பினான். நெற்றியில் சுருள் முடி விழுந்திருந்தது. அவள் விரலுக்கு அப்படியே இருந்த அதே முடி. காதுக்கு மேலேயும் நெற்றியிலும் முக்கால்வாசி வெள்ளை.

"நரைச்சுட்டியேடா" என்றாள் காஜாக்கா.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்று ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ சுவரைப் பார்த்தாள். "நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டேன்க்கா" என்றாள்.

முப்பத்தாறு வயதுதான் ஆகிறது அவனுக்கு. கறுப்பு முடியோடு பஸ் படியில் நின்று கையாட்டினவனை அவள் பதினோரு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவன் அங்கே பெட்டி இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு முடியாக வெளுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை அவள் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டும் இருந்திருக்கிறான்.

"அம்மா, நிஜமாவே தெரியுதா உனக்கு?" என்றான். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவன் ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கைய எடுடா" என்றாள் காஜாக்கா. "நான் இன்னும் பாத்து முடிக்கல."